ஒரு சிரையில் இரு நீர்

மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து கிள்ளுவோர் செடியடியிற் கிடக்கும் பாம்பைக் காண்பது அரிது. மிதித்த பின்னரே அறிவர். சின்னமனூருக்கு இறங்கப் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள் உள. அதற்கப்பால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை செல்லவும் நேரும். அங்ஙனம் கொணரப்பட்டார்க்குச் சிரையில் ஊசி பொருத்தி உப்புநீர் இறக்குவர். (நம் மக்கள் ‘நரம்பூசி’ என்பது இதனையே, நரம்பு வேறு, சிரை வேறு.) நச்சுமுறி மருந்தும் அவ்வழியே செல்லவேண்டும். எட்டு முதல் பத்துச் சிறுகுப்பி மருந்தை உப்புநீரிற் கரைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏற்றுவர். ஓடும் நீரோடு மருந்தைச் சேர்ப்பது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் விளக்கப் புகுந்தது.

சிரையில் உப்புநீர் செலுத்தும் முறை பழையது. 1832இல் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, வாந்திபேதியால் வற்றியவர்க்கு இதனைச் செய்தார். அதற்கு வழிகாட்டிய ஓஷாநெசி பின்னர்க் கல்கத்தா வந்து, இந்நாட்டில் தந்தி அமைத்தவர் என்பது வியப்பன்றோ!

மருந்துக்குப்பியை நீர்க்குப்பியினும் உயர்த்தித் தொங்கவிட்டுப் பெருங்குழாயின் மேற்புழையில் இணைப்பர். உயரம் மிக அழுத்தமும் மிகும். ஆதலின் மருந்து இறங்கும், உப்புநீர் நிற்கும். மருந்தின் மட்டம் தாழ்ந்தவுடன் உப்புநீர் தானே மீண்டும் ஓடும். மருந்து மேனோக்கி நீர்க்குப்பியுட் புகாவாறு தடுக்கக் குழாயில் ஒருவழி அடைப்பிதழ் உண்டு. அஃதில்லையேல் நீர்க்குழாயை இறுக மூடிய பின்னரே மருந்தைத் திறத்தல் வேண்டும்.

இவ்வளவும் எளிது. இடர் இருப்பது இணைப்பிற்கும் சிரைக்கும் இடைப்பட்ட குழாயில். கடிவாய் சீழ்ப்பிடித்தவர்க்குச் செஃப்ட்ரியாக்சோன் என்னும் கிருமிக்கொல்லி தருவதுண்டு. ஓடுவது ரிங்கர் லாக்டேட் ஆயின், அதிலுள்ள கால்சியத்தோடு கூடி இம்மருந்து படிவாய்த் திரளும். பச்சிளங் குழந்தைகள் சில இதனால் இறந்தமை கண்டு, 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினும் குளுக்கோஸ் நீரிற் படியும். அதற்கு உப்புநீரே ஏற்றது.

நச்சுமுறி மருந்தோ வேறுவகை அச்சம் தரும். குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுதலின் சிலர்க்கு உடனே தடிப்பும் மூச்சிரைப்பும் தோன்றி, இரத்த அழுத்தம் வீழும். அப்போது மருந்தை நிறுத்தித் தொடைத்தசையில் அட்ரீனலின் செலுத்துவர். உப்புநீரும் விரைந்து வேண்டும். ஆனால் பழைய குழாயிலேயே அதனைத் திறந்துவிட்டால், உள்ளே தங்கிய மருந்தும் ஒருசேர உட்புகும். குழாயை மாற்றுதலே தக்கது. இதனை அந்நொடியில் நினைப்பவர் பெரும்பாலும் செவிலியரே. அகப்பாடல்களிற் செவிலி தலைவியை வளர்த்த தாய். அப்பெயரை இத்தொழிலுக்கு இட்டவர் பிழைபட இடவில்லை என்பது எம் கருத்து.

ஒரு மருந்துக்கு முன்னும் பின்னும் வெறும் உப்புநீராற் குழாயைக் கழுவுவதும் இது பற்றியே. பின்னர்க் கழுவும் நீரை, மருந்து சென்ற அதே மெதுவான வேகத்திற் செலுத்தவேண்டும். ஏனெனில் அந்நீர் முதலில் தள்ளுவது குழாயில் எஞ்சிய மருந்தையே.