மூணு பெடலா, ரெண்டு பெடலா?

ஹூண்டாய் ஐ20 என் லைனை செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள், கதவைத் திறந்ததும் குனிந்து பெடல்களை எண்ணிவிடுவது நல்லது. 2021-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த மாடலில் கியர் லீவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. அதுதான் ஐஎம்டி. 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு, மூன்று பெடல்கள் கொண்ட 6 ஸ்பீடு மேனுவலைக் கொடுத்தார்கள். (டிசிடி ஆட்டோமேட்டிக்கும் இருக்கிறது. அது தனிக் கதை.)

இரண்டிலும் அதே 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்தான். 120 பிஎஸ் பவர், 172 நியூட்டன் மீட்டர் டார்க். வித்தியாசமெல்லாம் இடது காலில்தான்.

ஐஎம்டி-யில், லீவரில் இருக்கும் சென்சார் கியர் மாற்றப்போவதை உணர்ந்ததும் கிளட்ச் தானாக விடுபடும். கிண்டியில் தினமும் ஊர்ந்துபோகிறவருக்கு இது வரம். ஆனால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச்சை எப்போது, எவ்வளவு விடுவது என்பதைக் காரே முடிவுசெய்யும். ஓட்டும் சுகத்துக்காகவே என் லைன் வாங்குகிறவருக்கு, அதில் பாதி சுகம் போய்விடும்.

முழங்கால் வலியுள்ள அப்பாவும் அதே காரை எடுப்பார் என்றால் ஐஎம்டி போதும். ஞாயிறு காலையில் மலையேறக் கிளம்புகிறவர், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் மேனுவலுக்கே போகலாம்.

ஐஎம்டி-யை டெஸ்ட் டிரைவ் செய்யும்போது, மேம்பாலச் சரிவில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்தே சரிவில் காரை நிறுத்திவைத்தவரின் கார் என்றால், கிளட்ச் தேய்ந்திருக்கும். இன்ஜின் சத்தம் எகிறும், கார் நகராது.