மலேரியா மூலிகை புற்றுநோயைத் தீர்க்குமா?

“மலேரியாவைப் போக்கும் பச்சிலை புற்றுநோயையும் கரைத்துவிடும், ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம்.” இப்படிச் சொல்வோர் எல்லா ஊர்களிலும் உண்டு. செட்டிநாட்டின் நெற்குப்பை போன்ற ஊர்களில் இப்பேச்சுக்குக் காது கொடுக்க ஒரு காரணமும் உண்டு. அப்பகுதியினர் கொண்டு விற்கச் சென்ற பர்மாவும் மலேயாவும் மலேரியா மிகுந்த நாடுகள். அதற்கு மருந்து, சின்கோனா மரப்பட்டையில் கிடைத்த கசப்பான கொயினா. நம் நீலகிரியில், நடுவட்டத்தில், 1860-களிலேயே சின்கோனா பயிரிடப்பட்டது.

ஒரு மரப்பட்டை காய்ச்சலைத் தீர்க்குமானால், ஓர் இலை புற்றைத் தீர்க்காதா? கேள்வி நியாயமானதே, மாணவ நண்பர்களே! ஆனால் விடையைச் சோதனையின் வாயிலாகத்தான் பெற முடியும்.

சீனத்துச் செடி

இன்று இப்படிப் புகழப்படுவது ஆர்ட்டிமிசினின் என்னும் பொருள். நம் மாசிபத்திரியின் உறவான ‘ஆர்ட்டிமீசியா ஆனுவா’ என்ற செடியில் அது இருக்கிறது. சீன அறிஞர் தூ யூயூ அம்மையார் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டியபோது, நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில் இச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்தும் முறையைக் கண்டார். அங்கே காய்ச்சுவதாகக் கூறப்படவில்லை. வெப்பம் மருந்தைக் கெடுத்திருக்குமோ என ஐயுற்ற அவர், குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1972-இல் தூய பொருள் கிடைத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பழைய நூல் வழிகாட்டியது, சோதனைதான் மருந்தாக்கியது. இலையைத் தேநீர்போல் காய்ச்சிக் குடித்தால் உடலில் சேரும் மருந்தின் அளவு நிச்சயமில்லை. ஆகவே மலேரியாவுக்குக்கூட அப்படிக் குடிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

புற்றோடு என்ன தொடர்பு?

ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பாலம்போல் இணைந்துள்ளன. இரும்பு பட்டால் அப்பாலம் உடையும். உயிரணுவைத் தாக்கும் துணுக்குகள் உண்டாகும். மலேரியாக் கிருமி ஹீமோகுளோபினைத் தின்பதால் அதனிடம் இரும்பு மிகுதி. விரைவாகப் பெருகும் புற்று உயிரணுக்களும் இரும்பை அதிகமாக இழுக்கின்றன. இதை எண்ணி, அமெரிக்காவில் ஹென்றி லாய், நரேந்திர சிங் ஆகியோர் புற்று உயிரணுக்களில் அதைச் சோதித்தனர். 1995-இல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது.

ஆனால் அது சோதனைக் கிண்ணத்தில்! கிண்ணத்திலுள்ள புற்று உயிரணுவைச் சோப்புக் கரைசலும் கொல்லும். மருந்து என்பது நல்ல உயிரணுவைக் காத்து, நோயுற்றதை மட்டும் தாக்கி, போதிய அளவில் உரிய இடத்தை அடைய வேண்டும்.

மனிதரிடம் சோதனை நடந்ததா? நடந்தது. பெருங்குடல் புற்று உள்ள 23 பேரிடம் லண்டனில் செய்த சிறு ஆய்வில், அறுவைக்கு முன் 14 நாள் சிலருக்கு ஆர்ட்டிசுனேட்டும் (ஆர்ட்டிமிசினினிலிருந்து ஆக்கியது), மற்றவருக்கு வெற்று மாத்திரையும் தந்தனர். பின்னர் நோய் திரும்பியது முதற்குழுவில் ஒருவருக்கு. மற்றதில் ஆறு பேருக்கு. இது மேலும் ஆராயத் தூண்டும் செய்தி. ஆனால் அத்தனை பேருக்கும் அறுவை நடந்தது என்பதை மறவாதீர்கள். இது துணையா என்று பார்த்தார்களே தவிர, அறுவைக்குப் பதிலாகத் தரவில்லை. மேலும் 23 பேர் என்பது தற்செயலை ஒதுக்கிவிடப் போதாது.

நம் தெருவோர நித்தியகல்யாணி

செடியிலிருந்து புற்று மருந்து வராதென்பதில்லை. நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்கு நல்லதென்ற நம்பிக்கையைச் சோதிக்கப் புறப்பட்டார் கனடாவின் ராபர்ட் நோபிள். எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. இரத்தப் புற்றில் வெள்ளணு மிகுவதால், அதையே தொடர்ந்தார். சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டினைக் கண்டார். அதன் உறவான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றில் அது இன்றும் உயிர் காக்கிறது.

அதற்காக இலையை மென்று தின்னலாமா? கூடாது! ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ அரை டன் உலர்ந்த இலை வேண்டும். இலையில் வேறு பல பொருள்களும் உண்டு, நஞ்சாகலாம். தூய வின்கிரிஸ்டினையே மருத்துவர் அளவறிந்து சிரைவழி செலுத்துகிறார். முதுகுத் தண்டு நீரில் புகுந்தால் உயிரே போகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

‘இது குணமாக்கும்’ என்று யாரேனும் சொன்னால் கேளுங்கள்: சோதித்தது கிண்ணத்திலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? மருந்து பெறாதவரோடு ஒப்பிட்டார்களா? முறையான சிகிச்சையோடு சேர்த்தா, அதை விட்டுவிட்டா?

கடைசிக் கேள்வியே உயிர்க் கேள்வி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முறையான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 புற்றுநோயாளிகளை, சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டனர். மாற்று வழி சென்றோர்க்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது!

நெற்குப்பைக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ வீட்டில் யாருக்கேனும் இருந்தால், பச்சிலையைத் தேடுமுன் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கண்டால் குணமாகும் புற்றுகள் பல. கடந்த நாட்களை மட்டும் எந்த மருந்தாலும் மீட்க முடியாது.