செய்தித்தாளும் நீதிமன்றமும்: ஆங்கிலச் சொற்களைக் கற்கும் முறை

பிறமொழியொன்றைக் கற்கப் புகும் மாணவன் முதற்கண் தேடுவது சொற்பட்டியலையே. ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் எதிர்ப்பக்கத்தில் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லும் இருப்பின் கற்றல் எளிதாகும் என்பது அவன் எண்ணம். ஆயின் இரு மொழிகள் உலகை ஒரே வகையாகப் பகுத்துக் காண்பதில்லை. எமது கல்முனைக்குடிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்களில் நெல்லாக விளைவது ஆலையில் அரிசியாகி அடுப்பிற் சோறாகின்றது. அரிசிக்கும் சோற்றுக்கும் ஆங்கிலத்தில் 'றைஸ்' என்பது ஒன்றே சொல். நெல்லைக் குறிக்கும் 'பெடி' என்பதும் மலாய் மொழியிலிருந்து பெற்ற கடனே. இங்கே நாம் பிரிப்பதை ஆங்கிலம் பிரிப்பதில்லை. குற்றமும் வழக்கும் பற்றிய செய்திகளிலோ நிலைமை மாறுகின்றது. அங்கே ஆங்கிலம் பிரித்துக் காண்பவற்றை நாம் நாள்வழக்கில் ஒன்றாக்கிவிடுகின்றோம். இவ்வேறுபாட்டை அறியாது கற்கும் சொற்பட்டியல் துணையாவதற்கு மாறாக இடறாகும்.

ஆங்கிலம் பயில விரும்புவோர்க்கு ஆசிரியர் கூறும் முதல் அறிவுரை செய்தித்தாளை வாசி என்பது. வாசிக்கப் புகுந்தவன் ஒவ்வொரு பக்கத்திலும் களவு, கொலை, கைது, வழக்கு என்பவற்றையே எதிர்கொள்கின்றான். ஆதலின் இத்துறைச் சொற்களை எம்முறையிற் கற்பது நன்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலிற் களவை எடுத்துக்கொள்வோம். எம் பேச்சு வழக்கிற் பூட்டிய வீட்டினுட் புகுந்து நகையை எடுத்தவனும், கத்தியைக் காட்டி மிரட்டிப் பணத்தைப் பறித்தவனும், முற்றத்தில் நின்ற துவிச்சக்கர வண்டியை ஓட்டிச் சென்றவனும் 'கள்ளன்' என்னும் ஒரு பெயராற் சுட்டப்படுவர். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தது அது. இந்தியாவில் அப்பழைய சட்டம் 2024 ஜூலை 1 ஆந் திகதி வேறொன்றுக்கு இடங்கொடுத்தது. இங்கோ 1883 ஆம் ஆண்டுக் கோவை திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையிலுள்ளது. அதன்படி, ஒருவரின் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு அகற்றுவது 'தெப்ட்'. களவின்போது ஒருவரைக் காயப்படுத்துவதோ, தடுத்துவைப்பதோ, உடனே தீங்கு நேரும் என அஞ்சச் செய்வதோ சேர்ந்தால் அது 'றொபரி'. அச்சுறுத்தி, உடையவரே தம் கையாற் கொடுக்கும்படி செய்வது 'எக்ஸ்டோர்ஷன்'. முன்னதிற் பொருள் மாத்திரம் போகின்றது. பின்னிரண்டிற் பொருளோடு மனிதனின் பாதுகாப்பும் போகின்றது. தண்டனையின் கடுமையும் இதற்கேற்ப வேறுபடும்.

பொருள் வேறுபாட்டினின்று இலக்கண வேறுபாடும் பிறக்கின்றது. 'ஸ்டீல்' என்னும் வினை எடுக்கப்பட்ட பொருளையே செயப்படுபொருளாகக் கொள்ளும். 'றொப்' என்னும் வினை பொருளை இழந்த மனிதனையோ இடத்தையோ கொள்ளும். ஆகவே வண்டியை 'ஸ்டீல்' செய்யலாம். வண்டியை 'றொப்' செய்ய இயலாது. வங்கியை 'றொப்' செய்யலாம். வங்கியை 'ஸ்டீல்' செய்வதாயின் கட்டடத்தையே தூக்கிச் செல்லுதல் வேண்டும். தமிழிலும் 'பணத்தைக் களவெடுத்தான்', 'வங்கியைக் கொள்ளையடித்தான்' எனக் கூறுகின்றோமாதலின், இவ்விணையை மனத்திற் கொண்டால் மாணவர் பிழை பெரிதும் குறையும்.

கொலை பற்றிய சொற்களும் இத்தகையனவே. 'மேடர்' என்பது கொல்லும் கருத்தோடு செய்த கொலை. அக்கருத்து முழுமையாக நிறுவப்படாத விடத்தும், கடுஞ்சினமூட்டப்பட்ட நிலை முதலிய காரணங்கள் உள்ள விடத்தும் சட்டம் குற்றத்தைக் குறைத்து வேறு பெயரிடும். அதனைக் கைமோசக் கொலை என்பர். பொதுவாழ்விற் புகழ்பெற்ற ஒருவர் அரசியல் முதலிய காரணங்களுக்காகக் கொல்லப்படின் 'அசாசினேஷன்' என்னும் சொல் வரும். 1959 செப்டெம்பர் 25 ஆந் திகதி சுடப்பட்டு மறுநாள் உயிர் நீத்த பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் மறைவை ஆங்கில நூல்கள் இச்சொல்லாலேயே குறிப்பிடுகின்றன.

இனி, இவ்வெல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைக் கூறுவேன். ஒரு வழக்கு ஆறு போல ஓடுவது. அதற்குத் துறைகள் பல. ஒவ்வொரு துறையிலும் அதே மனிதனுக்கு ஆங்கிலம் வேறு பெயர் வழங்குகின்றது. பொலிசார் ஐயுறும்போது அவன் 'சஸ்பெக்ட்', அதாவது சந்தேகநபர். குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டபின் 'அக்கியூஸ்ட்', அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். குற்றம் நிறுவப்பட்ட பின்னரே 'கொன்விக்ட்', அதாவது குற்றவாளி. குற்றவாளி என நிறுவப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென ஊகிக்கப்படல் வேண்டும் என்பது 1978 ஆம் ஆண்டின் எமது அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை. இம்மூன்று சொற்களின் வேறுபாடு அவ்வுறுப்புரையின் உயிர். கைதான அன்றே ஒருவனைக் குற்றவாளி என எழுதும் பேனா, நீதவான் செய்யவேண்டியதை நீதவானுக்கு முன்னரே செய்துவிடுகின்றது. எம் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பதும் உண்டு. அது வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவர் என்னும் பொருளது. பகைவன் என்னும் பொருளதன்று. இதனை அறியாது அச்சொல்லை ஆங்கிலத்திற்கு 'எனிமி' எனப் பெயர்ப்பவன், நியாயம் கேட்டு நிற்கும் ஒருவனைப் போர்க்களத்திற்கு அனுப்புகின்றான்.

'விடுதலை' என்னும் சொல் இன்னும் நுண்ணிய ஆய்வை வேண்டுவது. பிணையிற் சென்றவனும் விடுதலை. வழக்கு முடிவில் குற்றமற்றவன் எனத் தீர்க்கப்பட்டவனும் விடுதலை. பத்தாண்டு சிறையிருந்து வெளிவந்தவனும் விடுதலை. ஆங்கிலம் இவற்றை முறையே 'பெயில்', 'அக்விட்டல்', 'றிலீஸ்' எனப் பிரிக்கும். முதலாமவனுக்கு வழக்கு இன்னும் உண்டு. இரண்டாமவனுக்கு மாசு இல்லை. மூன்றாமவன் குற்றம் நிறுவப்பட்டுத் தண்டனையும் முடித்தவன். மூவரும் தெருவில் நடப்பினும் மூவர் நிலையும் ஒன்றன்று. பிணை வழங்குதல் விதியாகவும் மறுத்தல் விலக்காகவும் இருத்தல் வேண்டும் என்பது 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் வழிகாட்டும் கொள்கை. ஆதலின் பிணை கிடைத்தமையை நிரபராதி என்பதற்குச் சான்றாகவோ, கிடையாமையைக் குற்றத்திற்குச் சான்றாகவோ கொள்ளல் தகாது. தமிழிற் சொல் இல்லாமையால் இம்மயக்கம் நேர்வதன்று. பிணையில் விடுவித்தல், குற்றத்தினின்று விடுவித்தல், தண்டனை முடிந்து வெளிவருதல் எனத் தெளிவாகச் சொல்லும் ஆற்றல் எம்மொழிக்கு உண்டு, சோம்பல் எம்முடையதே.

செய்தித்தாளின் தலைப்புகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. பத்தியின் அகலம் குறுகியதாதலின் நீண்ட சொல்லுக்கு அங்கே இடமில்லை. விசாரணையைக் குறிக்க 'புறோப்' என்னும் சிறுசொல் வரும். துணைவினையும் கழிக்கப்படும். 'சஸ்பெக்ட் ஹெல்ட்' என்பதைக் கண்ட மாணவன் சந்தேகநபர் எதையோ பிடித்தார் எனப் பொருள் கொள்வான். சந்தேகநபர் பிடிக்கப்பட்டார் என்பதே பொருள். எம் தமிழ்த் தாள்கள் வினையையே நீக்கி 'இருவர் கைது' என முடித்தலை இதனோடு ஒப்புநோக்குக.

ஒரே சொல் பல பொருள் தருதலையும் மறத்தலாகாது. இலக்கண வகுப்பில் வாக்கியமாக இருக்கும் 'சென்டன்ஸ்' நீதிமன்றத்தில் தண்டனையாகின்றது. 'மகசின்' என்பதன் வரலாறு இதனினும் சுவையானது. பண்டகசாலை என்னும் பொருள்தரும் 'மக்ஸன்' என்னும் அறபுச் சொல்லின் பன்மையிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து, வெடிமருந்துக் கிடங்கையும், துப்பாக்கியில் இரவை செருகும் கூட்டையும், 1731 இல் இலண்டனில் வெளிவந்த இதழொன்றின் பெயர் மூலம் சஞ்சிகையையும் குறிக்கலாயிற்று. கொழும்பில் அதே பெயரால் மகசின் சிறைச்சாலையும் உண்டு. உருசிய மொழியில் 'மகசீன்' என்பது கடை. ஆகவே ஆங்கிலம் கற்கும் உருசிய மாணவன் சஞ்சிகையைக் கடையென மயங்குதல் கூடும். மயக்கம் எமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ்ச் சொற்களும் நிலத்திற்கு நிலம் வேறுபடும். இங்கே 'மறியல்' சிறை. தமிழகத்தில் அது தெருவை மறித்துச் செய்யும் போராட்டம். இங்கே சட்டத்தரணி எனப்படுபவர் அங்கே வழக்கறிஞர். 'கைதி' அறபு வழி வந்தது. 'நொத்தாரிசு' ஒல்லாந்தர் தந்தது. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கிய சித்திலெப்பை அவர்கள் தாமே சட்டத் தொழில் புரிந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது. நீதிமன்றமும் செய்தித்தாளும் எம் மொழியிற் சந்தித்தமை புதிதன்று.

முடிவாக மாணவர்க்கு ஒரு வழி கூறுவேன். சொற்களை அகரவரிசையிற் கற்றல் வேண்டா; வழக்கின் வரிசையிற் கற்க. முறைப்பாடு, கைது, விளக்கமறியல், பிணை, குற்றப்பத்திரம், விசாரணை, தீர்ப்பு, மேன்முறையீடு எனக் கோடிட்டு, ஒவ்வொன்றின் கீழும் உரிய ஆங்கிலச் சொல்லை எழுதுக. ஒரே நிகழ்ச்சியைத் தமிழ்த் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் வாசித்து, செய்தி எந்தத் துறையில் நிற்கின்றது என வினவுக. அந்த மனிதனுக்கு இன்று உரிய பெயர் எது என்பதைத் துணிந்த பின்னரே மொழிபெயர்க்க. அவ்வாறு பயில்பவன் ஆங்கிலத்தோடு, அயலானின் பெயரைக் காக்கும் பண்பையும் கற்றவனாவான்.