புகைக்கு ஒரு குழாய்

2012-இல் நாசா வெளியிட்ட இரவுநேரப் பூமிப் படங்களில் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலை பெருநகரம் போலப் பளபளத்தது. அங்கே பெருநகரம் எதுவும் கிடையாது. கோதுமை வயல்கள், மாட்டுப் பண்ணைகள், சில சிற்றூர்கள், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு எண்ணெய்க் கிணறு தோண்டும் தளங்களின் மின்விளக்குகள். மற்றொரு பங்கு, கிணற்றடியில் நட்டுவைத்த குழாய்களின் உச்சியில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த வாயு.

இரண்டையும் செயற்கைக்கோள் பிரித்தறியும் விதம் அழகானது. ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வீசும் கதிர்களின் அலைநீளம் மாறும். கிணற்றடிச் சுடரின் வெப்பநிலை 1,600 கெல்வினுக்கு மேல். காட்டுத்தீ அவ்வளவு சூடேறுவதில்லை. அந்தச் சூட்டில் எரியும் பொருள் சுமார் 1.6 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை ஏராளமாக வீசும். அந்த ஒரு பட்டையை இரவில் கவனித்தாலே சுடர் எங்கே, எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம். இப்படித்தான் உலக வங்கி ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2024-இல் உலகம் முழுக்க இப்படிக் கொளுத்தப்பட்ட வாயு 15,100 கோடி கன மீட்டர்.

விற்கக்கூடிய சரக்கை ஏன் கொளுத்துகிறார்கள்? ஆழத்திலுள்ள பாறையில், கடும் அழுத்தத்தில், வாயு எண்ணெயிலேயே கரைந்து கிடக்கிறது. கிணறு திறந்து அழுத்தம் குறைந்ததும், கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் பொங்குவது போல, அது பிரிந்து வெளியேறும். எண்ணெயை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். வாயுவை அப்படி அனுப்ப முடியாது. ஒரு பீப்பாய் எண்ணெய் என்பது 159 லிட்டர். அதே அளவு ஆற்றலைச் சாதாரண அழுத்தத்திலுள்ள வாயுவாக எடுத்துப்போக வேண்டுமென்றால் சுமார் 160 கன மீட்டர், அதாவது ஆயிரம் மடங்கு இடம். குழாய் வேண்டும், அழுத்தும் இயந்திரம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். கிணறு தோண்டச் சில வாரங்கள் போதும். குழாய் வந்து சேர ஆண்டுகள் ஆகும். அதுவரை எண்ணெய்க்காரர் காத்திருப்பதில்லை, கொளுத்திவிடுகிறார்.

எரிக்காமல் அப்படியே திறந்துவிடுவது இன்னும் மோசம். வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சுடரில் விட்டால் 98 விழுக்காடு எரிந்துவிடும் என்றே நெடுங்காலம் கணக்கு எழுதினார்கள். வட டகோட்டா, டெக்சஸ் சுடர்களின் மேலே விமானத்தில் பறந்து அளந்தவர்கள் 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது வேறு: உண்மையில் அழிவது 91 விழுக்காடுதான். காற்றில் அணைந்துபோய், வாயுவை மட்டும் கக்கிக்கொண்டு நிற்கும் குழாய்களும் அதில் சேர்த்தி. விண்வெளியிலிருந்து தெரியும் சுடரைவிடத் தெரியாத சுடர்தான் ஆபத்து.

வட டகோட்டாவின் கதை இதோடு முடிந்திருந்தால் வழக்கமான ஊதாரிக் கதையாக இருந்திருக்கும். அதே மாநிலத்தில் பியூலா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1984 முதல் ஓர் ஆலை ஓடுகிறது. நம் நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரியை நீராவியும் ஆக்சிஜனும் செலுத்தி வாயுவாக்கி, அதிலிருந்து மீத்தேன் தயாரிப்பது அதன் வேலை. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடி பெற்றெடுத்த பிள்ளை அது. ஆக, ஒரு மூலையில் பெரும் செலவில் நிலக்கரியிலிருந்து எரிவாயு செய்கிறார்கள். இன்னொரு மூலையில் தானாக வந்த எரிவாயுவைக் கொளுத்துகிறார்கள். 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநிலத்துக் கிணறுகளின் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் போனது.

பியூலா ஆலையின் கழிவு கரியமில வாயு. வாயுவாக்கும் முறையிலேயே அது தனியாகப் பிரிந்து, ஏறக்குறைய தூய நிலையில் வந்துவிடுகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் அப்படியில்லை. பத்துப் பதினைந்து விழுக்காடாகக் கலந்திருப்பதை ரசாயனக் கரைசல் கொண்டு சிரமப்பட்டுப் பிரிக்க வேண்டும். கையில் இருந்த இந்தச் சரக்குக்கு எல்லை தாண்டி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்திலுள்ள வேபர்ன் எண்ணெய் வயல். 2000-ஆம் ஆண்டு சுமார் 330 கிலோமீட்டர் குழாய் போட்டு, காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தி, புகையை ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்.

வேபர்ன் 1954-இல் கண்டறியப்பட்ட வயல். அறுபதுகளில் தண்ணீர் செலுத்தி எண்ணெயைத் தள்ளிப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் நன்றாகக் கிடைத்தது, பிறகு சரிந்தது. தண்ணீரும் எண்ணெயும் கலக்காதல்லவா? பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு நிற்க, தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். கரியமில வாயு அங்கேதான் வேறுபடுகிறது. 31 டிகிரி செல்சியசுக்கும் 74 வளிமண்டல அழுத்தத்துக்கும் சற்றுக் கீழாக ஓர் எல்லை இருக்கிறது. இரண்டையும் தாண்டினால் அது வாயுவுமில்லை, திரவமுமில்லை. திரவத்தின் அடர்த்தி, வாயுவின் நெகிழ்வு இரண்டும் சேர்ந்த ஒரு நிலை. ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இந்த நிலை இயல்பாகவே கிடைத்துவிடும். தண்ணீர் நுழையாத துளைகளில் அது நுழைகிறது, எண்ணெயில் கலக்கிறது, எண்ணெயை உப்பவைக்கிறது, இளக்குகிறது. பாறையோடு ஒட்டியிருந்த பிடி தளர்கிறது. எண்ணெயோடு மேலே வரும் கரியமில வாயுவைப் பிரித்து மறுபடியும் உள்ளே அனுப்புவார்கள்; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு பாறையிலேயே தங்கிவிடும்.

தங்குமா என்பதுதான் அக்கம்பக்கத்தாரின் கேள்வி. 2011-இல் அப்பகுதிப் பண்ணைக் குடும்பம் ஒன்று, தங்கள் நிலத்தில் வாயு கசிகிறது என்று சொன்னபோது ஆய்வாளர்கள் மண்ணுக்குள்ளிருந்த வாயுக்களை அளந்தார்கள். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து உண்டாகும் கரியமில வாயு என்றால், அது கூடக்கூட ஆக்சிஜன் அதற்கேற்பக் குறையும். கீழிருந்து கசிந்தது என்றால் அந்த விகிதம் ஒத்துவராது. ஒத்துவந்தது. அது மண்ணின் சொந்த மூச்சு என்று முடிவு சொன்னார்கள்.

கரியமில வாயுவைச் செலுத்தி எண்ணெய் எடுப்பதைப் பசுமைச் சாதனையாக விற்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க உள்ளே போகும் கரியமில வாயு 0.3 முதல் 0.6 டன். அந்தப் பீப்பாயை எரித்தால் வெளிவருவது சுமார் 0.43 டன். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அதுவும், உள்ளே போனது புகைபோக்கியிலிருந்து பிடித்ததாக இருந்தால்தான். 1972 முதல் இந்த முறையைக் கையாளும் டெக்சஸ் வயல்களுக்குப் போன வாயுவில் பெரும்பகுதி கொலராடோவிலும் நியூ மெக்சிகோவிலும் நிலத்தடியில் இயற்கையாகவே தேங்கிக் கிடந்தது. ஒரு குழியிலிருந்து தோண்டி இன்னொரு குழியில் போட்டால் வானத்துக்கு என்ன லாபம்?

எந்த வாயுவுக்குக் குழாய் கிடைக்கும் என்பதை வேதியியல் தீர்மானிப்பதில்லை. விலையும் சட்டமும் தீர்மானிக்கின்றன. நார்வே எழுபதுகளின் தொடக்கத்திலேயே, பாதுகாப்புக் காரணம் தவிர வாயுவை எரிக்கக்கூடாது என்று நின்றது. வாயுவுக்கு வழி சொல்லாமல் எண்ணெய் எடுக்க அனுமதி கிடையாது. 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி போட்டதும், 1996-இல் ஸ்லைப்னர் வயலில் அதைக் கடலடி மணற்பாறைக்குள் அனுப்பத் தொடங்கினார்கள், ஒரு சொட்டு எண்ணெயும் எதிர்பார்க்காமல். வட டகோட்டாவும் 2014-இல் விதி போட்டது. வாயுவைப் பிடிக்காவிட்டால் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றது. எரியும் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

விலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் அருகிலுள்ள பெட்ரா நோவா சாட்சி. 2017-இல் தொடங்கி, ஓர் அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, 130 கிலோமீட்டர் தள்ளியிருந்த எண்ணெய் வயலுக்கு அனுப்பியது. 2020-இல் கொரோனா வந்து எண்ணெய் விலை விழுந்தது. மே மாதம் வாயு பிடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நிலக்கரி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விலை ஏறிய பின், 2023 செப்டம்பரில்தான் இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.