கட்டியைக் கண்ட பிறகு எத்தனை நாள்?

அக்டோபர் பிறந்தால் ஜொகூர் பாருவின் பேரங்காடிகளிலும் அரசுக் கிளினிக்குகளின் சுவர்களிலும் இளஞ்சிவப்புச் சுவரொட்டிகள் ஏறிவிடும். கண்ணாடி முன் நில்லுங்கள், கையைத் தூக்குங்கள், விரல் நுனியால் வட்டமாகத் தடவிப் பாருங்கள் என்று படம் போட்டுச் சொல்லும். சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் ஒரே ஒருவர், அந்தப் பெண். மார்பகப் புற்றுநோயை முளையிலேயே பிடிக்கும் பொறுப்பு முழுவதும் அவர் விரல்களில்தான் இருக்கிறது, முற்றிப்போய் வந்தால் அது அவருடைய அசட்டை என்ற ஒரு தீர்ப்பு அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மலேசியாவில் கிடைத்திருக்கும் சான்றுகள் அந்தத் தீர்ப்புக்குத் துணை நிற்கவில்லை.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை இந்நாட்டில் 21,634 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் சீனப் பெண்களில் 40.7 பேர், இந்தியப் பெண்களில் 38.1 பேர், மலாய்ப் பெண்களில் 31.5 பேர். நம் சமூகம் இரண்டாம் இடத்தில், முதலிடத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. இதைவிடக் கவலை தருவது இன்னோர் எண். மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் வந்தவர்கள் 47.9 விழுக்காடு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் அது 43.2. சுவரொட்டிகள் கூடிய காலத்திலேயே முற்றிப்போய் வருவோரின் பங்கும் கூடியிருக்கிறது. பதிவு செய்யும் முறை மாறியதால் வந்த வேறுபாடும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், பிரசாரத்தால் குறைந்தது என்று சொல்ல வழியில்லை. நிலை ஏன் முக்கியம் என்பதை 2018இல் வந்த மலேசியப் புற்றுநோய் உயிர்வாழ்வு ஆய்வு காட்டுகிறது: முதல் நிலையில் கண்டறியப்பட்டவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு, நான்காம் நிலையில் 23.3.

காலம் எங்கே கரைகிறது? 2011இல் வெளியான ஆய்வுக்காக நோர்சஅடா தலைமையிலான குழு மலேசிய மருத்துவமனைகளில் 328 நோயாளிகளிடம் இதைத்தான் விசாரித்தது. அவர்களில் பாதிப் பேர் அறிகுறியைக் கண்ட இரண்டு மாதத்துக்குள் மருத்துவரிடம் போய்விட்டிருந்தார்கள். ஆனால் பாதிப் பேருக்கு, இது புற்றுநோய்தான் என்று உறுதியாவதற்கு ஐந்தரை மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. மூன்று மாதத்தைத் தாண்டியவர்கள் 72.6 விழுக்காடு. நாட்டு வைத்தியத்தை நாடியது, சிகிச்சையைப் பற்றிய எதிர்மறை மனப்பான்மை போன்ற நாம் எதிர்பார்க்கும் காரணங்கள் இருக்கவே செய்தன. கூடவே சங்கடமான இரண்டும் இருந்தன: பரிசோதனை நோயைத் தவறவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு தந்தது, அறிகுறி வேறொன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தாமதத்தின் பெரும்பகுதி கிளினிக் கதவுக்கு வெளியே நடக்கவில்லை. உள்ளே நுழைந்த பிறகு நடந்திருக்கிறது. அறிகுறியை அறிய வேண்டியவர்கள் இருவர். நாம் ஒருவருக்கு மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்த அறிகுறிகளும் ஏமாற்றக்கூடியவைதான். உடம்பில் எதுவானாலும் வலித்தால்தான் கவனிப்போம்; இந்தக் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டி என்றே தெரியாமல் வருவதும் உண்டு. மார்பகத்துக்குள் தோலையும் உட்திசுவையும் பிணைக்கும் நார்ப்பட்டைகளைக் கட்டி பற்றி இழுக்கும்போது, கையைத் தூக்கினால் மட்டும் தோலில் ஒரு சிறு குழி விழும். கையை இறக்கினால் மறைந்துவிடும். நிணநீர் நாளங்கள் அடைபட்டால் தோல் தடித்து வீங்கும், மயிர்க்கால்கள் மட்டும் உள்ளே பிடித்து நிற்கும். ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதனால்தான். நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே திரும்புவது, ஒரு பக்கக் காம்பில் மட்டும் பிதுக்காமலே நீரோ ரத்தமோ கசிவது, அக்குளில் ஒரு முடிச்சு. காம்பைச் சுற்றி மாதக்கணக்கில் ஆறாத செதிலும் அரிப்பும் இன்னொன்று. அது வெறும் சொறி அல்ல, உள்ளே புற்றுநோய் இருக்கலாம் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1874இலேயே எழுதிவைத்தார். இன்றும் களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருக்கிறோம். அரிதான ஒரு வகையில் மார்பு முழுவதும் சிவந்து சூடாகிவிடும். வீட்டில் அதற்குப் பெயர் தயாராக இருக்கிறது: சூட்டுக் கட்டி, பால் கட்டிக்கொண்டது. கிளினிக்கிலும் சில சமயம் அதே பெயர்தான், கூடவே ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக். பால் கொடுக்காத பெண்ணுக்கு அந்தச் சிவப்பு மருந்துக்கும் அடங்கவில்லை என்றால், அடுத்து வேண்டியது இன்னொரு பட்டை மாத்திரை அல்ல, திசுப் பரிசோதனை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சுயபரிசோதனையால் பயனில்லை என்று அறிவியலே சொல்லிவிட்டதே? ஆம், ஷங்ஹாயில் 2,66,064 நெசவாலைப் பெண்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்பித்து நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. கற்ற குழுவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர், கற்காத குழுவில் 131 பேர். கற்றவர்களுக்குத் தீங்கில்லாத கட்டிகளுக்கான பயாப்சிதான் கூடியது. ஆனால் அந்த ஆய்வு சோதித்தது மாதந்தோறும் செய்யும் சடங்கை. மாற்றத்தைக் கவனிப்பதை அல்ல. கற்காத குழுவினரும் குளிக்கும்போதோ உடுத்தும்போதோ தங்கள் கட்டியைக் கண்டு மருத்துவரிடம் போனவர்கள்தாம். இதற்கு எதிர்முனையில் மும்பை. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெண்களைக் கையால் பரிசோதித்தார்கள். 1,51,538 பெண்கள், இருபது ஆண்டுகள். 2021இல் வந்த முடிவின்படி முற்றிய நிலையில் கண்டறியப்படுவது குறைந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் இறப்பு குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே விலையுயர்ந்த கருவி இல்லை. தொட்டுப் பார்த்த பயிற்சி பெற்ற கையும், சந்தேகம் வந்தால் மேலே அனுப்பும் வழியும் இருந்தன.

மேமோகிராம் எடுத்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. குடும்ப மேம்பாட்டு வாரியம் மானியம் தருகிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2013 முதல் 40 வயதை எட்டிய தொழிலாளர்களுக்கான இலவச உடல் பரிசோதனைத் திட்டத்தில் இதையும் சேர்த்திருக்கிறது. தகுதி உள்ளவர்கள் தவறவிடக் கூடாது. ஆனால் ஆசியப் பெண்களுக்கு இந்நோய் மேற்கத்தியப் பெண்களைவிட இளவயதில் வருகிறது. இளவயது மார்பகத் திசு அடர்த்தியானது, படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஆகவே கையில் கட்டி தட்டுப்படும்போது ‘மேமோகிராம் சுத்தம்’ என்ற ஒற்றை வரி பதிலாகாது. கைப் பரிசோதனை, படம் அல்லது ஸ்கேன், ஊசியால் எடுத்த திசு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஊசி போட்டால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் இந்த இடத்தில் பின்வாங்குபவர்கள் பலர். பயாப்சியால் நோய் முற்றுவதில்லை. பயாப்சி இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிடவும் முடியாது.

பத்துக் கட்டிகளில் எட்டு ஒன்பது தீங்கில்லாதவை, எல்லாரையும் மேலே அனுப்பினால் மருத்துவமனை தாங்குமா என்று கிளினிக் தரப்பு கேட்கலாம். தீங்கில்லாத கட்டிக்கும் அது தீங்கில்லாதது என்ற பதில் வேண்டும். பதில் கிடைக்காதவர்தான் மூன்று கிளினிக் மாறி மாறி வரிசையில் நிற்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி வைத்திருக்கும் இலக்கு, முதலில் வந்து காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்ன என்று முடிவாக வேண்டும் என்பது. ஜொகூரில் அரசுக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். செலவு பயணத்திலும் சம்பள இழப்பிலும் இருக்கிறது. அரசுப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரவேண்டியது ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு. சிகாமட்டிலிருந்து அது ஏறத்தாழ 180 கிலோமீட்டர். விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் சம்பளம். ஸ்கேனுக்கு ஒரு நாள், பயாப்சிக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள் என்று மூன்று முறை அலையவிடும் இடத்தில் இரண்டாம் தேதிக்கே பலர் வராமல் போவதை அசட்டை என்று எழுதிவிட முடியாது. முதல் இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் தரலாம். ருஜூக்கான் (மேலே அனுப்பும் பரிந்துரை) கடிதத்தின் தலைப்பில், ‘அறிகுறியை முதலில் கண்டது’, ‘முதலில் மருத்துவரிடம் காட்டியது’ என்று இரண்டு தேதிகளை எழுத ஒரு கட்டம் போட்டால், அறுபதில் எத்தனை நாள் போய்விட்டது என்று அடுத்த மருத்துவர் அந்தத் தாளைக் கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். அந்தக் கட்டம் வரும்வரை இரண்டு தேதிகளையும் நோயாளியே பேனாவால் எழுதிக் கொண்டுபோகலாம். எந்த மருத்துவரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.