கணைய அறுவையும் காப்பு மருந்துகளும்

ஒரு மருந்தின் விலையை அறிவது எளிது. பயனை அளப்பது அரிது. பொதுப்பணத்தில் மருந்து கொள்முதல் செய்வோர் அன்றாடம் எதிர்கொள்ளும் இவ்வுண்மைக்குக் கணைய அறுவை சிகிச்சை நல்லதோர் எடுத்துக்காட்டு.

கணையத்தின் நோயுற்ற பகுதி அகற்றப்பட்டபின், எஞ்சிய பகுதியின் வெட்டுவாயிலிருந்து கணைய நீர் கசிவதுண்டு. உணவைச் செரிக்கச் செய்யும் இந்நீர் வயிற்றினுள் பரவினால் சீழ்க்கட்டியும், சில வேளைகளில் உயிர்போக்கும் இரத்தப்பெருக்கும் உண்டாகும். இதனைத் தடுக்க இரு வழிகள் ஆராயப்பட்டுள்ளன: நீர் சுரப்பதைக் குறைப்பது, எஞ்சிய கணையத்தின் அழற்சியைத் தணிப்பது.

முதல் வழிக்கு, 1973-இல் கண்டறியப்பட்ட சோமட்டோஸ்டாட்டின் என்னும் ஹார்மோன் அடிப்படையாயிற்று. அதனை ஒத்த ஆக்ட்ரியோடைடு, 246 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 1992-இல் வெளியான ஆய்வில், சிக்கல்களை 55 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைத்தது. ஆயின் 2000-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை. பின்னர் வந்த பாசிரியோடைடு, நியூயார்க்கில் 300 பேரிடம் நடைபெற்று 2014-இல் வெளியான ஆய்வில், கடுமையான கசிவையும் சீழ்க்கட்டியையும் 21 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் இம்மருந்து விலை மிக்கது.

இரண்டாம் வழிக்குரியது ஹைட்ரோகார்ட்டிசோன். பழைய மருந்து, மலிவானது, நமது அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது. பின்லாந்தின் தாம்பரே நகரில், கசிவு அபாயம் மிகுந்த 62 பேரிடம் செய்யப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், கடுஞ்சிக்கல்கள் 41 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தன.

மலிவான மருந்தே போதுமா? இவ்வினாவுக்கு விடை காண ஹெல்சிங்கியில் 126 பேரிடம் இரு மருந்துகளும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. 2020-இல் வெளியான முடிவின்படி, சிக்கல்களின் மொத்தச் சுமையைக் குறிக்கும் சராசரிக் குறியீடு ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றோரிடம் ஏறத்தாழ 30; பாசிரியோடைடு பெற்றோரிடம் 24. எனவே, மலிவான மருந்து தாழ்ந்ததன்று என நிறுவ இயலவில்லை. அதே வேளையில், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினதே. ஆதலின் அது தாழ்ந்தது என்றும் மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்விரு கூற்றுகளையும் ஒன்றெனக் கொள்வது பெரும் பிழையாகும்.

விலையை மட்டும் நோக்கி மருந்தைத் தேர்ந்தால், மிச்சமான பணம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடும் நாட்களில் கரைந்துபோகலாம். விலைமிக்க மருந்தை அனைவருக்கும் வழங்கினாலோ, கசிவே நேராத பலருக்காகவும் பணம் செலவாகும். மென்மையான கணையமும் குறுகிய கணைய நாளமும் உடையோருக்கே அபாயம் மிகுதி. அவர்களை இனங்கண்டு, ஒரு குப்பியின் விலைக்குப் பதிலாக ஒரு நோயாளி நலமுடன் வீடு திரும்புவதற்கான மொத்தச் செலவைக் கணக்கிடுவதே அறிவுடைய கொள்முதலாகும்.