சுடுமண் குழாயில் ஒரு குவிமாடம்: ரவென்னா போன கதை

மொசைக்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாட்டி வீட்டுத் தரை. சிமெண்ட்ல சலவைக்கல் சில்லு கலந்து, மெஷின் வச்சுத் தேய்ச்சு வழவழப்பாக்கினது. எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. செமஸ்டர் லீவில் இத்தாலியில் படிக்கும் அக்காவிடம் போயிருந்தபோது, "மொசைக் பார்க்க ரவென்னா போலாம்டா"ன்னு அவள் சொன்னாள். "தரை பார்க்கவா அக்கா ஒரு மணி நேரத்துக்கு மேல ரயில்ல போகணும்?"னு கேட்டுட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் கிண்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பொலோனியாவிலிருந்து கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் ரவென்னா. இன்றைக்கு அமைதியான சைக்கிள் ஊர். ஆனால் கி.பி. 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரமே இங்கேதான் மாறி வந்தது. சுற்றிலும் சதுப்பு நிலம், எதிரி சுலபத்தில் நெருங்க முடியாது என்பதுதான் காரணம். அப்புறம் கோத் அரசர்கள் பிடித்தார்கள். 540-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த பைசாந்தியப் படை பிடித்தது. இப்படி ஆட்சி மாறிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டப்பட்டதுதான் சான் விட்டாலே தேவாலயம். 526 வாக்கில் பிஷப் எக்லேசியுஸ் தொடங்கியபோது ஊர் கோத்துகளிடம் இருந்தது. 547 வாக்கில் பிஷப் மாக்சிமியன் அர்ச்சித்துத் திறந்தபோது பேரரசர் ஜஸ்டினியனிடம் இருந்தது. செலவு 26,000 தங்கக் காசு. கொடுத்தவர் யூலியானுஸ் என்ற வட்டிக்கடைக்காரர்.

வெளியே இருந்து பார்த்தால் ஏமாற்றம்தான். எண்கோண வடிவில் வெறும் செங்கல் கட்டடம். செங்கல் ஒவ்வொன்றும் நீளமாக, தட்டையாக இருக்கிறது; இடையில் இருக்கும் சுண்ணாம்புக் கலவையும் கிட்டத்தட்ட அதே கனம். குவிமாடம் கண்ணுக்கே தெரியாது, ஓடு வேய்ந்த கூரை அதை மூடியிருக்கிறது.

சிவில் பசங்க இனிமேல் வரும் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். அந்தக் குவிமாடம் கல்லும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. உள்ளே கூடாக இருக்கும் சுடுமண் குழாய்கள்! ஒன்றின் மூக்கை அடுத்ததன் வாயில் செருகி, வளையம் வளையமாக ஏற்றிக்கொண்டே போய் மேலே முடித்திருக்கிறார்கள். விட்டம் சுமார் 16 மீட்டர். குவிமாடம் கனமாக இருந்தால் என்ன ஆகும்? அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சுவரைத் தள்ளும். அதைத் தாங்க சுவரைத் தடியாக்கணும், ஜன்னலைக் குறைக்கணும். இங்கே எடை குறைந்ததால் தள்ளுவிசையும் குறைந்தது. எட்டு தூண்கட்டுகள் மேலே தாங்கிக்கொள்ள, நடுவே சுவருக்குப் பதில் வளைவுகளும் மெல்லிய தூண்களுமாகத் திறந்துவிட முடிந்தது. ஜன்னலும் நிறைய வைக்க முடிந்தது. உள்ளே வெளிச்சம் வந்ததால்தான் மொசைக்கே பேசுகிறது. கீழே சதுப்பு மண் என்பதையும் சேர்த்து யோசித்தால், எடை குறைப்பது எவ்வளவு அவசியம் என்று புரியும்.

உள்ளே போனதும் எல்லோரும் முதலில் அண்ணாந்து குவிமாடத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே இருப்பது 18-ம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியம், மொசைக் இல்லை. என்னைக் கேட்டால், அதைத் தாண்டிப் போயிடலாம். பீடம் இருக்கும் பக்கம் நடங்கள்.

அங்கே ஒவ்வொரு அங்குலமும் சில்லுதான். கண்ணாடி, சலவைக்கல், சிப்பியின் உட்பகுதி. தங்கச் சில்லு செய்யும் முறைதான் ரொம்ப அழகு. கண்ணாடி மேல் மெல்லிய தங்கத் தகடு, அதன் மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலம், சூட்டில் ஒட்டிவிடும். தங்கம் நடுவில் மாட்டிக்கொள்வதால் காற்றும் படாது, கையும் படாது. 1,400 வருஷத்துக்கு மேல் ஆகியும் மின்னுவதற்கு அதுதான் காரணம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் ஒவ்வொன்றாக அழுத்திப் பதிக்க வேண்டும், அதனால் ஒரு நாளில் முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும்தான் பூசுவார்கள். பதித்த பிறகு நம்ம வீட்டுத் தரை மாதிரி தேய்த்துச் சமமாக்குவதில்லை. ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் கொஞ்சம் சாய்வு மாறி நிற்கும். நாம் இரண்டடி நகர்ந்தால் போதும், இவ்வளவு நேரம் மங்கலாக இருந்த இடம் மின்னும், மின்னிய இடம் அணையும். போட்டோவில் இது வராது. நான் நாற்பது போட்டோ எடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பீடத்தின் இடப்பக்கச் சுவரில் ஜஸ்டினியன் அப்பத் தட்டோடு நிற்கிறார். எதிரே அவர் மனைவி தியோடோரா, திராட்சை ரசக் கிண்ணத்தோடு. இரண்டு பேருமே ரவென்னாவுக்கு வந்ததே இல்லை! புதிதாகப் பிடித்த ஊரில், ராஜா எப்போதும் பூசையில் நிற்கிற மாதிரி சுவரில் நிறுத்திவிட்டார்கள். நம்ம ஊர் கட்அவுட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. ராஜா பக்கத்துப் படத்தில் ஒரே ஒருவர் தலைக்கு மேல்தான் பெயர் எழுதியிருக்கிறது. அது ராஜா இல்லை, பிஷப் மாக்சிமியன். தியோடோராவின் அங்கியின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், காணிக்கையோடு போகும் மூன்று ஞானிகள் குட்டியாகத் தெரிவார்கள். பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில், தாடியில்லாத இயேசு நீல உருண்டை மேல் உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் எக்லேசியுஸ், கையில் இதே தேவாலயத்தின் மாடலை வைத்துக்கொண்டு. கட்டி முடிந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அதே டிக்கெட்டில் சான்ட் அப்பொலினாரே நுவோவோவும் பார்க்கலாம். கோத் அரசர் தியோடோரிக் தன் அரண்மனைக்காகக் கட்டியது. அவர் ஏரியன் பிரிவுக் கிறிஸ்தவர். மகன் தந்தைக்குச் சமம் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பைசாந்தியர்கள் வந்ததும் அரண்மனைப் படத்தில் நின்றிருந்த ஆட்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திரைச்சீலை பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் நீட்டியிருந்த கைகளை எடுக்க மறந்தார்களா, முடியாமல் விட்டார்களா, இன்னும் இருக்கின்றன. வெள்ளைத் தூணில் விரல்கள் மட்டும், ஆள் இல்லை. ரவென்னாவில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த ஒரே காட்சி இதுதான்.

இன்னொரு விஷயம். இந்த ஊர் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. சதுப்பு மண் தானாக அமுங்குவது ஒரு பக்கம். 20-ம் நூற்றாண்டில் நிலத்தடி நீரையும் எரிவாயுவையும் உறிஞ்சி எடுத்தது வேகத்தைக் கூட்டிவிட்டது. சான் விட்டாலேக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்லா பிளாசிடியா நினைவிடத்தில், நட்சத்திரம் பதித்த நீல விதானம் தலைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். காரணம், தரையைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். நாம் நிற்பது பழைய தரையில் இல்லை.

கடைசியாக அக்கா சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். 1321-ல் தாந்தேக்கு இறுதிச் சடங்கு நடந்த இடம். பீடத்துக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னல். காசு போட்டால் உள்ளே விளக்கு எரியும். நிலவறை முழுக்கத் தண்ணீர், அடியில் பழைய மொசைக் தரை, அதன் மேல் தங்கமீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. "தரை பார்க்கவா இவ்வளவு தூரம்னு கேட்டியே, பாரு"ன்னாள். விளக்கு அணைந்துவிட்டது. இன்னொரு காசு தேடி இரண்டு பேரும் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்.